மேயரை இரண்டு முறை சாகடித்த அந்தெல்ம்

எங்கள் ஊர் மோந்தொர்வாவில் அந்தெல்ம் புஃபவானைத் தெரியாதவர் கிடையாது. குளிர் ஆரம்பித்துவிட்டால் ஏதாவது ஒரு வீட்டு நிலவறையில், பாய்லருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். தெருவில் எதிரே வந்தால், ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள்.

பேச்சு குறைவு. சாப்பாடு அதிகம். கல்யாணம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று அவரும் அலையவில்லை, யாரும் அவருக்காக அலையவும் இல்லை. அவருக்கு உலகத்தில் பிடித்த பொருள் ஒன்றுதான். கர்தோன்.

கர்தோன் என்பது முள்ளும் நாருமாக நெஞ்சளவு வளர்ந்து நிற்கிற ஒரு தண்டுக்காய். அப்படியே வெட்டிப் போட்டால் மாடுகூடத் திரும்பி நம்மை முறைக்கும். இலையுதிர் காலத்தில் அதைச் சேர்த்துக் கட்டி, கறுப்புத் தாளால் போர்த்தி, மூன்று வாரமாவது வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அப்போதுதான் தண்டு வெளுத்து, கசப்பு இறங்கி, மனிதர் தின்கிற பதத்துக்கு வரும். பிறகு நாரை உரித்து (விரலெல்லாம் கறுத்துப்போகும், ஒரு வாரத்துக்குப் போகாது), வேகவைத்து, நல்லியை உருக்கி ஊற்றி, மேலே சீஸைத் துருவிப்போட்டு அடுப்புக்குள் தள்ளினால், கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு பாடு எதற்கு என்று ஊரே சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிச் சாடியில் வாங்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தெல்ம் மட்டும் தோட்டத்தில் போட்டார். சாடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த மனிதர் நாடு முழுக்கச் சுற்றிச் சாப்பிட ஆரம்பித்தது ஒரு சின்னப் பொய்யால்.

பர்கண்டியில் சித்தி மகன் வீட்டுப் பாய்லரைப் பார்க்கப் போயிருந்தார். அன்று அந்த ஊரில் நத்தைச் சபையின் திருவிழா. நத்தையைப் போற்றிப் பாதுகாக்கவென்று ஒரு சபை. அதற்கு ஒரு தலைவர், தரை கூட்டுகிற மாதிரி நீள அங்கி, தொப்பி, கழுத்தில் பதக்கம். நம் நாட்டில் வெங்காயத்துக்கும் சபை உண்டு, வாத்துக்கும் உண்டு. ஒரு சபை விழா எடுத்தால் மற்றச் சபைக்காரர்கள் அங்கியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு அவர்கள் விழாவுக்கு இவர்கள் போக வேண்டும். மொய் மாதிரிதான், வாங்கினால் திருப்பி வைக்க வேண்டும்.

அந்தெல்ம் காகிதத் தட்டோடு பொதுஜன வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார். முன்வரிசையில் வெள்ளை மேஜைவிரிப்பு, நிஜத் தட்டு, ஆளுக்கு மூன்று கிளாஸ். வாசலில் நின்ற அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"அங்க உக்கார என்ன பண்ணணும்ங்க?"

"நீங்க எந்தச் சபை?"

ஒரு நொடிதான் யோசித்திருக்கிறார். "கர்தோன் சபை."

"அங்கி எங்க?"

"சலவைக்குப் போட்டிருக்கு."

உட்காரவைத்துவிட்டார்கள். நத்தை இரண்டு டஜன், சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், கடைசியில் மூக்கு எரிகிற சாராயம். இவர் கேட்காமலேயே தட்டு நிரம்பியது. கிளம்பும்போது விலாசத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அடுத்த அழைப்பு வந்தது. அதில், 'கர்தோன் சபையின் மேன்மை தங்கிய தலைவருக்கு' என்று போட்டிருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வந்தது என் வீட்டுக்கு. நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பக்கத்து வீடு, தையல் மெஷின் வைத்திருப்பவள், விவாகரத்து ஆனவள். இந்த நான்குமே அவருக்கு உபயோகப்பட்டன.

"மரீஸ், எனக்கு ஒரு அங்கி வேணும்."

"எதுக்குய்யா? சாமியாராப் போறியா?"

விஷயத்தைச் சொன்னார். நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத் துணியை நீட்டினார். மாதா கோயில் பாவசங்கீர்த்தனக் கூண்டின் பழைய பச்சைத் திரை. புதுசு மாட்டியபோது சாமியார் குப்பையில் போட்டதாம். ஊர்ப் பாவத்தையெல்லாம் கேட்ட துணி, இந்தப் பொய்யைத் தாங்காதா என்று தைத்துக் கொடுத்தேன். பதக்கத்துக்குப் பாய்லரின் பித்தளை மூடி ஒன்றைப் பளபளவென்று தேய்த்துச் சிவப்பு ரிப்பனில் கோத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கடையில் வாங்கிய பதக்கங்களைவிட அதுதான் எடுப்பாக இருந்தது.

குடித்தால் வண்டி ஓட்ட மாட்டார். அதனால் ஓட்டுவது நான். இப்படித்தான் நானும் நாட்டைப் பார்த்தேன். அல்சாஸில் முட்டைக்கோஸ் ஊறுகாய், பெரிகோரில் வாத்து ஈரல், பிரித்தானியில் கோதுமை அடை, ஜுராவில் மஞ்சள் ஒயின். எனக்குச் சாப்பாடு உண்டு, ஒயின் கிடையாது. நாட்டின் நல்ல ஒயின் எல்லாவற்றையும் மோந்து பார்த்தே வயசான பெண் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டுப் பிரம்மச்சாரியும் விவாகரத்து ஆனவளும் ஒரே காரில் போனால் என்ன பேசும்? என் பெயர் அடிபடுவதற்கு முன்னால் நானே ஒரு பெண்ணை உண்டாக்கினேன். திஜோனில் இருக்கிறாள், பெயர் யோலாந்த், கொஞ்சம் குண்டு, அந்தெல்முக்கு வண்டி ஓட்டத் தைரியமில்லாததால் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று ரொட்டிக் கடையில் சொன்னேன். ரொட்டிக் கடையில் சொன்னது போதும். அடுத்த வாரம் தபால்காரி என்னிடமே வந்து, யோலாந்தின் முதல் புருஷன் எப்படிப்பட்டவன் என்று எனக்குச் சொன்னாள்.

அந்தெல்ம் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாழ்க்கை. திங்கள் முதல் சனி வரை புகைக்கரி; ஞாயிறு வந்தால் மேன்மை தங்கிய தலைவர். லியோன் பக்கம் ஒரு ஊரில் மண்டியிட்டு, தோளில் திராட்சைக் கொடிக் கட்டையால் ஒரு தட்டு வாங்கி, சாசேஜுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தார். வடக்கே அதேபோல லீக்ஸ் என்கிற வெங்காய வகைத் தண்டால் தட்டினார்கள். காதுக்குள் மண் போய் இரண்டு நாள் கேட்கவில்லை. நார்மண்டியில் குடல்கறிச் சபைகள் இரண்டு உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. எங்களுடையதுதான் அசல் குடல் என்று இரண்டும் சொல்லும். காலையில் இங்கே சாப்பிட்டு, "அங்க உள்ளது நாறும்ங்க" என்பார். மாலையில் அங்கே போய் இங்கே உள்ளதைச் சொல்வார். மனிதர் பேசாமல் இருந்ததெல்லாம் பேச விஷயம் இல்லாததால்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

எங்கே போனாலும், எதைச் சாப்பிட்டாலும், துடைத்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரே வாக்கியம்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர் கர்தோனைச் சாப்பிட்டிருக்கீங்களா?"

இந்த வாக்கியம்தான் அவரை மாட்டிவிட்டது. சாப்பிட்டதில்லையே, எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். சபையில் எத்தனை பேர் என்றால், "கொஞ்சம் பேரு, ஆனா கெட்டி" என்பார். கெட்டி உண்மைதான், தொண்ணூற்றெட்டு கிலோ. விழா ஏன் எடுக்கவில்லை என்றால் ஒரு வருஷம் பனி. ஒரு வருஷம் ஊர்ப் பொது அடுப்பின் கூரை இடிந்துவிட்டது. காரணம் தீர்ந்துபோன வருஷம் மேயரைச் சாகடித்தார். மாரடைப்பு. ஊரே துக்கத்தில் என்றார். எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். அது நன்றாக வேலை செய்ததால், இரண்டு வருஷம் கழித்துப் புது மேயரையும் ஏணியிலிருந்து தள்ளிவிட்டார்.

எங்கள் மேயர் ஜினெத் கொத்தரெல் அம்மாள் அந்த நேரத்தில் ஊரில் ரோஜாச் செடிகளுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார்.

போன வசந்தத்தில் அல்சாஸில் தண்ணீர்விட்டான் தண்டு விழா. எல்லாரும் வாய் நிறைய மென்றுகொண்டிருக்கும்போது, நார்மண்டிக் குடல்கறிச் சபைகளில் ஒன்றின் தலைவர் க்ளெபேர் ஓத்கேர் கத்தியால் கிளாஸைத் தட்டினார். எழுபது தாண்டியவர், மீசை வெள்ளை, குரல் கோயில் மணி. மற்றச் சபைகளுக்கெல்லாம் மூத்தவர். ஒரு சபையைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் வாயில்தான் இருக்கிறது.

"நண்பர்களே! நம்ம தம்பி அந்தெல்ம் நம்ம எல்லார் வீட்லயும் சாப்பிட்டாச்சு. நாம அவர் வீட்ல சாப்பிடலையே! பாவம், அந்த ஊருக்கு அடிமேல அடி. இந்தத் தடவ நாமளே போய்த் தாங்குவோம். நவம்பர் மூணாவது ஞாயிறு. கர்தோன் காலம்தானே தம்பி?"

அந்தெல்ம் வாயில் தண்டு. தலை மட்டும் ஆடியது. அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

"பஸ் பிடிச்சு வர்றோம்!" என்றார் க்ளெபேர். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். பிறகு குனிந்து, பாசமாகத்தான், அவர் காதருகில் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "விழாவே எடுக்காத சபைய வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு தம்பி. இந்தத் தடவயும் இல்லைன்னா அங்கிய வாங்கிக்கச் சொல்லுவாங்க. எனக்கு மனசு வராது. அதனால எந்த மேயரையும் சாக விடாத."

திரும்பும் வழியில் ஜுரா மலையைத் தொட்டபோது நான்தான் பேச்செடுத்தேன்.

"சொல்லிடலாம்யா. சபையே இல்லைன்னு சொல்லிடு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வீட்ல இரு."

"ஞாயித்துக்கிழமையிலயா?" என்றார். நான் சாகச் சொன்னது போல ஒரு பார்வை. "மரீஸ், அந்த அங்கி இல்லாட்டி நான் யாரு? பாய்லர்ல மாட்டியிருக்கிற ஒரு முதுகு."

அவர் தன்னைப் பற்றிச் சொன்ன நீளமான பேச்சு அதுதான். ரேடியோவைப் போட்டேன்.

ஜூன் மாதம் எங்கள் ஊரில் பொது அடுப்பை மூட்டுகிற நாள். எல்லா வீட்டு அடையும் அதில் வேகும். அடை வேகும்வரை இளஞ்சிவப்பு ஒயின் ஓடும். நுரைக்கிற ஒயின், கொஞ்சம் இனிப்பு, எங்கள் மலைச் சரிவில் விளைவது. இரண்டாவது சுற்று முடிந்ததும் அந்தெல்ம் அடுப்பு வாசலில் பச்சை அங்கியோடு வந்து நின்றார். பித்தளை மூடி வெயிலில் மின்னியது. எல்லாவற்றையும் சொன்னார். சபை, பொய், பஸ்.

முதலில் வாயைத் திறந்தவள் தபால்காரி. "அப்ப யோலாந்த்?"

"எந்த யோலாந்த்?" என்றார் அந்தெல்ம்.

நான் அடையைத் திருப்பிப்போடக் கிளம்பிவிட்டேன்.

"இருங்க, இருங்க." மேயரம்மா கையைத் தூக்கினார். "அடிமேல அடின்னு அந்த ஆள் சொன்னதாச் சொன்னியே. என்ன அடி?"

அந்தெல்ம் தரையைப் பார்த்தார். "மேயர் செத்துட்டாருன்னு சொல்லியிருக்கேன்ங்க."

"நான்?"

"பேரு சொல்லலைங்க. மேயர்னு மட்டும்தான். ரெண்டு தடவ."

மேயரம்மா கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்படிச் செத்தேன்?"

"மொத தடவ மாரடைப்புங்க. ரெண்டாந்தடவ ஏணி."

"ஏணியா! இந்த வயசுல நான் எதுக்குய்யா ஏணியில ஏறுறேன்?"

"ஊர்க் கொடியச் சரிபண்ணங்க. கடமையில இருக்கும்போதுதான்."

மேயரம்மா முகம் லேசாக இளகியது. "எழவுக்குக் கூட்டம் வந்துச்சா?"

"ஏகப்பட்ட கூட்டம்ங்க. மாவட்ட ஆட்சியரே வந்து அழுதாரு."

"அந்தாளா அழுதாரு?" மேயரம்மா கிளாஸை மறுபடி எடுத்துக்கொண்டார். "சாலைக்கு நான் மூணு தடவ மனு குடுத்தும் எட்டிப் பாக்கல, எழவுக்கு வந்திருக்காரு பாரு. சரி. நவம்பர்ல இந்த ஊர்ல கர்தோன் சபை இருக்கும். நாம எல்லாரும் அதுல உறுப்பினர். யாருக்காவது ஆட்சேபம் உண்டா? எனக்கு ஆட்சேபம் சொல்ல வழியில்ல, நான்தான் ஏற்கெனவே செத்துட்டேனே."

எல்லாருக்கும் சிரிப்பு. ஆட்சேபம் யாருக்கும் இல்லை. அடை வேறு வெந்துவிட்டது. தபால்காரி மட்டும் கடைசிவரை யோலாந்த் இல்லை என்பதை நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்றாள்.

அன்றிலிருந்து ஊருக்குக் கர்தோன் கிறுக்குப் பிடித்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் கன்று நட்டார்கள். கோயில் திரை ஒன்றுதானே, மற்ற அங்கிக்கெல்லாம் நான் பள்ளிக்கூட நாடக மேடைப் படுதாவைக் கிழித்தேன். அந்தெல்மின் நடையே மாறிவிட்டது. தோட்டம் தோட்டமாகப் போய் இலையைப் புரட்டிப் பார்த்தார். செடி இடுப்புக்கு வந்ததும் ஊருக்கு ஓர் உத்தரவு போட்டார்.

"கட்டிப் போர்த்துறத மட்டும் யாரும் செய்யாதீங்க. அது நுணுக்கம். இறுக்கினா அழுகிடும், தளர்த்தினா பச்சை ஏறிடும். நேரம் வரும்போது நானே வந்து கட்டுவேன்."

சரி என்றது ஊர். மேன்மை தங்கிய தலைவர் சொல்லும்போது மறுக்க முடியுமா?

அக்டோபர் வந்தது. நாட்டிலுள்ள சபை எல்லாம் விழா எடுக்கிற மாதம் அது. பூசணி, காளான், வால்நட், புது ஒயின். இத்தனை வருஷம் பொய்யோடு போனவருக்கு இப்போது உண்மையோடு போக ஆசை. ஒவ்வொரு ஞாயிறும் போனார். கூட்டத்தின் நடுவில் நின்று, "எங்க ஊருக்கு வாங்க" என்று அழைத்தார். ஏன் வண்டி ஓட்டினாய் என்று என்னைக் கேட்கலாம். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஓட்டியிருப்பீர்கள். குளிர் வேறு முன்னாடியே வந்துவிட்டது. ஊர் முழுக்கப் பாய்லர் கோளாறு. வார நாட்களில் மனிதர் ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்குப் போனார். தோட்டப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேயரம்மா அவரைத் தெருவில் மடக்கினார்.

"ஏன்ய்யா அந்தெல்ம், ஒரு சந்தேகம். கர்தோன் வெள்ளையா இருக்கணும்தானே? என் தோட்டத்துல பச்சைப்பசேல்னு நிக்குதே. இது வேற ஜாதியா?"

அந்தெல்ம் கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

ஒரு தோட்டம் விடாமல் ஓடிப் பார்த்தார். ஊர் முழுக்க நெஞ்சளவு பச்சை, முள்ளோடு, கம்பீரமாக. ஒன்றிலும் ஒரு கயிறு கிடையாது. ஒரு வாரத்தில் வெளுக்காது. ஒரு தண்டை ஒடித்துக் கடித்தார். நானும் கடித்தேன். வேப்பங்காய் தோற்றது.

மேயரம்மா நேரான மனுஷி. "சாடி வாங்கிட்டு வந்துடலாம். மரீஸ், பேருந்த எடு."

"சாடி வேணாம்" என்றார் அந்தெல்ம்.

"ஏன்?"

"நான் சாடியத் திட்டாத ஊர் இந்த நாட்டுல இல்லைங்க. ஒரு வாய்ல கண்டுபிடிச்சிடுவாங்க. பொய்யிலதான் ஆரம்பிச்சேன், சாடியில முடிக்க மாட்டேன். இருக்கிறதையே சமைப்போம். முதல் வாய் வச்சதும் நான் எந்திரிச்சு உள்ளத உள்ளபடி சொல்லிட்டு, அங்கிய கழட்டி க்ளெபேர் ஐயா கையில குடுத்திடுறேன்."

ஊரே உட்கார்ந்து முள்ளெடுத்தது, நாருரித்தது. மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தோம். கசப்பு மூன்று தண்ணீரையும் தின்றுவிட்டு அப்படியே இருந்தது. அந்தெல்ம் மட்டும் சாயங்காலமெல்லாம் அங்கியை இஸ்திரி போட்டார். திருப்பிக் கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றார்.

ஞாயிறு காலை இரண்டு பேருந்து வந்தது. அங்கி அங்கியாக இறங்கினார்கள். தொப்பியில் வாத்து இறகு, தோளில் முட்டைக்கோஸ் படம். கடைசியில் க்ளெபேர் இறங்கினார். கையில் பெரிய மலர்வளையம் இரண்டு.

"முதல்ல மறைந்த மேயர்களுக்கு மரியாதை செய்யணும். கல்லறை எந்தப் பக்கம்?"

அந்தெல்ம் வெளிறிப்போனார். கர்தோன் மட்டும் அந்த அளவு வெளுத்திருந்தால் கவலையே இல்லை. மேயரம்மா முன்னால் வந்தார், கண்ணில் கைக்குட்டையோடு.

"நான் இப்ப இருக்கிற மேயர். வாங்க, காட்டுறேன்."

நேராகத் தன் புருஷன் கல்லறைக்குக் கூட்டிப்போய் ஒன்றை வைக்கச் சொன்னார். பக்கத்திலேயே மாமியார். இன்னொன்று அங்கே. பெயரின் மேல் பூ வரும்படி அவரே நகர்த்தி வைத்தார். க்ளெபேர் கோயில் மணிக் குரலில் ஒரு பிரார்த்தனை சொன்னார். திரும்பும்போது மேயரம்மா என் காதில், "பதினாலு வருஷம் ஆச்சு, நானே ஒரு பூ வச்சதில்ல. ரெண்டு பேருக்கும் யோகத்தப் பாரு" என்றார்.

பொது அடுப்பிலிருந்து தட்டுகள் வந்தன. மேலே சீஸ் பொன்னிறம், நல்லி வாசனை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிளாஸில் இளஞ்சிவப்பு ஒயின். அந்தெல்ம் எழுந்து நின்றார். கை கழுத்துப் பொத்தானில். இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி.

முள்கரண்டிகள் ஒரே சமயத்தில் வாய்க்குப் போயின. வாத்துச் சபைக்கார அம்மாவுக்குக் கண்ணில் நீர். முட்டைக்கோஸ்காரர் தாடை பாதியில் நின்றது. ஆனால் சபைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விருந்து வைத்தவன் பரிமாறிய தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. உப்புகூடக் கேட்கக் கூடாது. மென்றார்கள். விழுங்கினார்கள். விழுங்கியதும் எல்லாக் கையும் ஒன்றாகக் கிளாஸுக்குப் போனது.

அங்கேதான் நடந்தது. அந்தக் கசப்பின் மேல் பட்டதும் எங்கள் ஒயின் தேனாகிவிட்டது. நாங்கள் பிறந்ததிலிருந்து குடிக்கிற ஒயின். இப்படி இனித்ததே கிடையாது. ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி ஒரு வாய் கசப்பு, மறுபடி ஒரு வாய் ஒயின். முகம் கோணும், மலரும், கோணும், மலரும். மேஜை முழுக்க.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார் அந்தெல்ம். "நான் ஒரு உண்மையச் சொல்லணும். இந்தக் கர்தோன்…"

"உக்காருப்பா!" க்ளெபேர் எழுந்துவிட்டார். மீசையில் சீஸ், கன்னத்தில் கண்ணீர். "நீ சொல்ல வேணாம். நாக்கு சொல்லிடுச்சு! நாப்பது வருஷமா சாப்பிடுறேன். எல்லா ஊர்லயும் இப்ப எல்லாத்தையும் இனிப்பாக்கிட்டான், மெத்துன்னு ஆக்கிட்டான், குழந்தைக்கு ஊட்டுற மாதிரி. இங்க ஒரு ஊர் இன்னும் கசப்ப விடாம வச்சிருக்கு! இதுதான்யா அசல் கர்தோன். நம்ம முப்பாட்டன் தின்னது!"

"ஐயா, இல்லைங்க, இது கசக்கக் கூடாது, நான் கட்ட மறந்து…"

"பணிவப் பாருங்க!" என்று கத்தினார் முட்டைக்கோஸ்காரர்.

அந்தெல்ம் பொத்தானை அவிழ்த்தார். மேயரம்மா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்துவிட்டு, மேலே அங்கியைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்துவிட்டார். க்ளெபேர் ஒரு பச்சைத் தண்டை எடுத்துவரச் சொல்லி, எங்கள் ஊரில் ஒவ்வொருத்தர் தோளிலும் தட்டினார். தபால்காரி தோளில் முள் குத்தி ரத்தமே வந்தது. அதற்கும் கைதட்டல்.

பேருந்துகள் கிளம்பும்போது எங்கள் ஊரில் ஒரு பாட்டில் ஒயின் மிச்சமில்லை. அந்தெல்ம் பாதி அவிழ்த்த அங்கியோடு சாலையில் நின்று கையசைத்தார்.

"என்னாச்சு மரீஸ்?" என்றார்.

"அங்கி உனக்குத்தான்யா. வெள்ளைக் கர்தோன்தான் போச்சு."

சொன்னபோது தமாஷுக்குத்தான் சொன்னேன். ஆனால் அப்படியே நடந்தது. அடுத்த விழாவுக்குக் கசப்புக் கர்தோன்தான் வேண்டும் என்று ஊர் ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்ச் சபை தீர்மானம் போட்டுவிட்டது: கர்தோனைக் கட்டக் கூடாது, போர்த்தக் கூடாது. மேன்மை தங்கிய தலைவரே எழுந்து அதை வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரல் போன விதம், கேட்டவர்களுக்கு உணர்ச்சிவசப்பட்டதாகத் தெரிந்திருக்கும்.

இந்தக் கிறிஸ்துமஸ் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் பலகையெல்லாம் சாத்தியிருந்தது. நிலவறையில் பழைய பாய்லர் ஒன்றின் வயிற்றைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புத் தாள் போர்த்தி, கயிறு கட்டி, ஒரே ஒரு செடி. பால் மாதிரி வெள்ளை. நாரெடுத்து, நல்லி ஊற்றி, திருடர்கள் மாதிரி மூச்சுவிடாமல் சாப்பிட உட்கார்ந்தோம். வாயில் வைத்ததும் மனிதருக்குக் கண் மூடிக்கொண்டது.

கதவு தட்டுகிற சத்தம். அந்தெல்ம் தட்டைப் பக்கத்தில் கிடந்த அங்கிக்கடியில் ஒளித்தார். மேயரம்மா. உள்ளே வந்து, மூக்கை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தெரு முழுக்க ஜன்னல் சாத்தியிருக்கு. தெரு முழுக்க நல்லி வாசனை. ஒரு வீட்லயாவது என்னைக் கூப்பிட்டாங்களா பாரு," என்றார். "எடு ஒரு தட்டு. வெளியில தெரிஞ்சா மூணாந்தடவயும் என்னைச் சாகடிச்சிடு."